கால் கயிறு

கூரையிலிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது. உச்சந்தலையும் கைகளும்தான். பதினெட்டு வருடங்களாக நான் பார்த்து வருவது அவற்றைத்தான். அல்மாத்தி நகரத்துக்கு வடக்கே, கப்ஷகாய் ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் கேசினோக்களில் நான்காவது எங்களுடையது. பெயர் நீலக்கரை. அதன் இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நாற்பது கேமராத் திரைகளுக்கு முன்னால் என் நாற்காலி இருக்கிறது. பக்கத்தில் ஒரு போன். அதில் எண்கள் கிடையாது. எடுத்தால் கீழே முதலாளியின் அறையில் மணி அடிக்கும்.

சீட்டுப் போடும் பெண்கள் மேசையை விட்டுப் போகும்போது இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை மேலே விரித்துக் காட்ட வேண்டும். பணத்துக்குப் பதிலாக மேசையில் புழங்கும் டோக்கன் எதையும் எடுத்துப் போகவில்லை என்று கூரைக்குச் சொல்வது அது. கூரை என்றால் நான். பார்த்ததும் பதிவேட்டில் நேரம் எழுதி, கைகள் வெறுமை என்று குறிப்பேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அதை எழுதியிருப்பேன்.

முதலாளியின் பெயர் சதுவகாஸ். சின்னவர் பெரியவர் எல்லோரும் மரியாதையாக சாக்கே என்பார்கள். ஆயிரம் கைகளுக்கு நடுவில் அவர் கைகளை வைத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். வலது கையில் மூன்று விரல்களில், மோதிரம் போடும் இடத்தில், வெளுத்த வளையங்கள். ஒரு தண்டனைக்கு ஒரு மோதிரம் என்று சிறையில் பச்சை குத்திக்கொண்டவை. கேசினோ உரிமம் கிடைத்த வருடம் அல்மாத்தியில் ஒரு தோல் டாக்டரிடம் போய் அவற்றை எரித்து எடுத்துவிட்டார். மை போயிற்று, வளையம் போகவில்லை. கோடையில் கை கறுக்கக் கறுக்க அவை இன்னும் பளிச்சென்று தெரியும்.

மே மாதத்தில் ஒரு காலை, பதிவேட்டில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனபோது அந்தக் கைகள் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தன. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். ஒரு பக்கம் கறுப்புக் கம்பளி உருண்டை, இன்னொரு பக்கம் வெள்ளை உருண்டை. இரண்டு இழைகளையும் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினார். உள்ளே இருந்தபோது கற்றுக்கொண்டதாம். அங்கே நூல் கிடைக்காது, காலுறையைப் பிரித்து எடுத்துக்கொள்வார்களாம்.

"பேரன் நின்னுட்டான் தங்கச்சி," என்றார் தலை நிமிராமல். "மாப்பிள்ளை வீடியோ அனுப்பினான், பொண்ணுக்குத் தெரியாம. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். இன்னும் பத்து நாள்ல நடந்துடுவான்."

எங்கள் இனத்தில் குழந்தை எழுந்து நின்றதும் அதன் கணுக்கால்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஒருவர் கத்தியால் அறுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் குழந்தை உலகத்தில் நடக்க ஆரம்பிக்கிறது. அறுத்தவரின் நடத்தை குழந்தைக்கு வரும் என்பதால், யாரைக் கூப்பிடுவது என்று பல வீடுகளில் சண்டையே நடக்கும். கயிறு கறுப்பும் வெள்ளையுமாகத்தான் இருக்க வேண்டும். தன்னுடையது எது, அடுத்தவனுடையது எது என்று குழந்தை பிரித்தறிய வேண்டும், அடுத்தவனுடையதை எடுக்கக் கூடாது, அதற்காக. பன்னிரண்டு வயதில் அல்மாத்தி டிராமில் பாக்கெட் அடிக்க ஆரம்பித்து, பிறகு சந்தைகளில் கடைக்காரர்களை மிரட்டிக் கப்பம் வாங்கி, மூன்று முறை சிறைக்குப் போய் வந்த ஒரு மனிதர் அந்தக் கயிற்றைத் தன் தொடையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் அறுக்கணும்," என்றார். "நீ போய் ரௌஷான்கிட்ட கேளு. நான் போனா கதவைத் திறக்கமாட்டா."

அது உண்மை. ரௌஷான் அவருடைய ஒரே மகள். எட்டு வயதில் அம்மாவை இழந்தவள். பள்ளி முடிந்ததும் நேராக என் கேமரா அறைக்கு வந்து, தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கைகளைப் பார்த்து ஆளைப் படிக்க நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொய் சொல்கிறவன் கட்டைவிரலை உள்ளே மடக்குவான், தோற்கப் போகிறவன் மேசையைத் தடவுவான் என்றெல்லாம். பதினான்கு வயதில் ஒரு நாள் அப்பாவிடம் ஏதோ கையெழுத்து வாங்க, தட்டாமல் கதவைத் திறந்தாள். உள்ளே அய்னாஷ் என்ற சீட்டுப் போடும் பெண்ணின் விரல்களை மேசை டிராயருக்குள் வைத்து சாக்கே டிராயரைச் சாத்திக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்கள் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்திருந்தார்கள்.

அன்றோடு ரௌஷான் அவரை விட்டு விலகினாள். விடுதிப் பள்ளிக்குப் போனாள், படித்தாள், அல்மாத்தியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆனாள், கல்யாணம் முடிந்த பிறகு தகவல் சொன்னாள். என்னிடம் மட்டும் வந்து போவது நிற்கவில்லை. எனக்குக் குழந்தை கிடையாது. அவள் என்னை அத்தை என்று கூப்பிடும்போது, திரைகளுக்கு முன்னால் போன என் வருடங்களுக்கு ஏதோ ஒரு அர்த்தம் இருப்பது போலத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அல்மாத்தி போனேன். பையில் அந்தக் கயிறு இருந்தது. மூன்றாம் மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. சன்ஜார் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை முறைத்தான். தாத்தாவின் அதே புருவம். ரௌஷான் பால் விட்ட தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, பையிலிருந்து கயிற்றை எடுத்து விரலில் ஓட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கே. யார் முறுக்கினது?"

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அதை அப்படியே மேசையில் வைத்திருப்பாள். பேச்சும் அங்கேயே முடிந்திருக்கும்.

"நான்தான்," என்றேன்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா அத்தை?"

"சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல வேற என்ன பண்றது."

"நீ சும்மா உக்காந்தா கேசினோவே காலியாயிடும்னு அப்பா சொல்வாரே." சிரித்தாள். கயிற்றைச் சுருட்டித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். எனக்குத் தைரியம் வந்தது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஒரு தடவை கூப்பிட்டால் என்ன, பேரன் அல்லவா என்று நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வரட்டும். வேண்டாம்னு சொல்லல. ஷெங்கெல்தியில மாமனார் வீட்டுலதான் வைக்கறோம். வந்து உக்காரட்டும், சாப்பிடட்டும், பேரனைத் தூக்கட்டும். கத்தி மட்டும் அவர் கைக்குப் போகக் கூடாது."

"அப்ப யாரு அறுக்கறது? உன் மாமனாரா?"

"அவர் வாசப்படியிலயே தடுக்கி விழற ஆள். என் பிள்ளை ஆயுசுக்கும் கட்டோட திரிய வேண்டியதுதான்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். "நீதான் அத்தை. முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். எனக்குத் தெரிஞ்சு அடுத்தவங்க பொருள்ல கை வைக்காத ஒரே ஆள் நீதான். அவ்வளவு டோக்கனுக்கு நடுவுல அத்தனை வருஷம் இருந்து, ஒண்ணைக்கூட தொடல. இவன் உன்னை மாதிரி வந்தா போதும்."

என் கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் விஷயத்தில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

திரும்பி வந்து சாக்கேயிடம் சொன்னேன். அவர் மேசையில் ஒரு புதுக் கத்தி இருந்தது. மடக்குக் கத்தி, மான் கொம்புப் பிடி. தாலாஸ் பக்கம் ஒரு கொல்லனிடம் சொல்லிச் செய்ய வைத்திருக்கிறார். நான் பேசி முடிக்கும்வரை அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கயிறை வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா."

"யார் முறுக்கினதுன்னு கேட்டாளா?"

நான் முறுக்கினேன் என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவர் தொண்டைக்குள் சிரித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்த அறையில் கதவு சாத்தினால் நான் இன்றைக்கும் முதலில் அந்த டிராயரைத்தான் பார்ப்பேன்.

"அன்னைக்கு போன் அடிச்சது யாரு தங்கச்சி?" என்று கேட்டார்.

பதினோரு வருடங்களில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடித்தது நான். மூன்றாம் எண் மேசையில் அய்னாஷின் இடது கை இரண்டு தடவை இடுப்புக்குப் போனதைத் திரையில் பார்த்தேன். எங்கள் சீருடையில் பைகள் கிடையாது, இருக்கிற பையையும் தைத்துவிடுவோம். இடுப்புக்குப் போகிற கைக்கு அங்கே ஒரு வேலைதான் இருக்க முடியும். நான் போனை எடுத்து, மூன்றாம் மேசைப் பெண் டோக்கன் எடுக்கிறாள் என்றேன். அவ்வளவுதான். ஒரே வாக்கியம். வேலை முடிந்து அன்று சாயங்காலம் டோக்கன்களைச் சரிபார்த்தபோது ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் சீருடையை அவிழ்த்துப் பார்த்த பெண், இடுப்புப் பட்டையின் உள்பக்கம் ஊக்கால் குத்தியிருந்த ஒரு முக்கோணத் தோல் தாயத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அய்னாஷ் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். உடம்பில் எதுவும் அணியக் கூடாது என்பது விதி என்பதால் ஒளித்து வைத்திருக்கிறாள். கண்ணேறு படும் என்று தோன்றும்போதெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊரில் தாயத்து கட்டாத கர்ப்பிணி உண்டா? என் தங்கை கட்டியிருந்தாள், நானும் ஒரு காலத்தில் கட்டியிருந்தேன். அந்தக் கை எதற்காக இடுப்புக்குப் போகும் என்று மற்ற எல்லோரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கூரையிலிருந்து பார்க்கும்போது கை என்றால் திருட்டு என்றுதான் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

அவளுடைய இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. சாக்கே கொடுத்தனுப்பியதையும் அவள் வாங்கவில்லை. இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் புகை போட்ட மீன் விற்கிறாள். அந்த இடம் வரும்போது நான் பஸ்ஸில் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன்.

"அவ கதவைத் திறந்தா, என்னைப் பார்த்தா," என்றார் சாக்கே. "மிருகம்னு கத்தினா. தகவல் மேல இருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. பதினோரு வருஷமா சொல்லல. எங்க கூட்டத்துல காட்டிக் கொடுக்கிறவனை மனுஷனாவே சேர்க்கமாட்டோம்."

"இப்ப சொல்லப் போறீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?" உண்மையிலேயே அவர் மனம் நொந்தது போலத் தெரிந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கத்தி உன் கைக்கு வந்ததும் என் பக்கம் திருப்பு."

அவர் கேட்டது வழக்கத்துக்கு வெளியே இல்லை. விருந்தில் ஆட்டுத்தலையை நம் முன்னால் வைத்தால், பந்தியில் நம்மைவிடப் பெரியவர் இருந்தால், தட்டை அவர் பக்கம் திருப்பிவிடுவது மரியாதை. கத்தியையும் அப்படிக் கொடுக்கலாம். தாத்தா உட்கார்ந்திருக்கும்போது வேலைக்காரி விட்டுக்கொடுத்தாள் என்றால் எல்லோரும் பாராட்டத்தான் செய்வார்கள்.

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா ஒண்ணும் இல்ல. நான் வாயே திறக்கமாட்டேன். நீ அந்தக் கையாலயே அறு."

அவர் மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஷெங்கெல்தியில் முற்றம் நிறைய ஆட்கள். சுற்றிலும் வெங்காய வயல், காற்றில் மண்ணும் குதிரைக்கறி வேகும் வாசனையும். சாக்கே புதுச் சட்டை, புதுத் தொப்பி போட்டு வந்திருந்தார். வலது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ரௌஷானின் மாமனார் தொக்தார், ஓய்வு பெற்ற டிராக்டர் ஓட்டுநர், அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்று, பேரனுக்கு இப்போதே ஏதாவது ஒரு மேசையில் இடம் போட்டு வையுங்கள் சம்பந்தி, பால்பாட்டிலைப் பந்தயம் கட்டுவான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாக்கேயும் சிரித்தார். ரௌஷான் அப்பாவுக்கு வணக்கம் சொன்னாள், தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், பேரனை மடியில் வைத்தாள். அவர் அவனை எங்கே தொடுவது என்று தெரியாதவர் போல இரண்டு கைகளையும் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடம் நான் பார்த்த சாக்கேயை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. அதோடு நின்றிருக்கலாம். அவருக்கு அது போதவில்லை.

புல்லில் வெள்ளைத் துணி விரித்தார்கள். ரௌஷான் சன்ஜாரை நிற்க வைத்து, அவன் கணுக்கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டினாள். அவன் குனிந்து கயிற்றைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டான். அவள் சமையலறையிலிருந்து கொண்டுவந்த ஒரு சாதாரணக் கத்தியை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினாள்.

"வா அத்தை. எல்லாரும் பாக்கறாங்க."

கத்தியின் மரப்பிடி ஈரமாக இருந்தது. கழுவித் துடைத்திருக்கிறாள். நான் நான்கு எட்டு வைத்திருந்தால் போதும், குனிந்து ஒரு இழுப்பு. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது துணியோ குழந்தையோ அல்ல, மேலேயிருந்து எடுத்த ஒரு படம். ஒரு பெண்ணின் உச்சந்தலை, ஒரு கை, ஒரு கத்தி. அந்தக் கையைத் திரையில் பார்த்திருந்தால் நானே போனை எடுத்திருப்பேன்.

"பெரியவர் இருக்கும்போது நான் எப்படி," என்று சொல்லி, சாக்கே பக்கம் திரும்பிக் கத்தியை நீட்டினேன்.

முற்றத்தில் இருந்தவர்கள் அதானே, அதானே என்று தலையாட்டினார்கள். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள் என்று யாரோ கிழவர் சொன்னது கேட்டது. சாக்கே எழுந்தார். என் கத்தியை வாங்கவில்லை. புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, மறுபடி பைக்குள் போயிருந்த வலது கையை வெளியே எடுத்தார். மான் கொம்புக் கத்தியை ஒரே கையால், கட்டைவிரலால் தட்டி, பார்க்காமலே திறந்தார்.

கத்தி திறந்த சத்தம் சிறியதுதான். ஆனால் அப்படித் திறக்கிறவன் அதை எங்கே பழகியிருப்பான் என்று அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேச்சு நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பேரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், வெளுத்த மூன்று வளையங்களும் வெயிலில் தெரிய.

ரௌஷான் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு துணியில் மண்டியிட்டு, குழந்தைக்கும் கத்திக்கும் நடுவில் தன் முதுகை வைத்து, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். இறுக்கமாகப் போட்டிருந்தாள் போல. நகத்தால் வரவில்லை. குனிந்து பல்லால் இழுத்தாள். கயிற்றை அறுக்காமல் அவிழ்த்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கே வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முடிச்சு விட்டதும் சன்ஜார் அம்மாவைச் சுற்றிக்கொண்டு நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பளபளப்பாக எது இருந்ததோ அதை நோக்கி. சாக்கே அவசரமாகக் கத்தியை மடக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். குழந்தை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தக் கை எங்கே போயிற்று என்று எட்டிப் பார்த்தது. ரௌஷான் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நடந்துட்டான், நடந்துட்டான் என்று தொக்தார் பலமாகக் குரல் கொடுத்து, மிட்டாய்களைக் கைநிறைய அள்ளி வீசினார். பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். சாக்கே அந்த மிட்டாய் மழையின் நடுவில் ஒரு முழங்காலில் அப்படியே இருந்தார். எழுந்திருக்க யாராவது கை கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் போகவில்லை.

கொல்லைப்புறக் குழாயடியில் ரௌஷான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன்.

"உன்கிட்ட அவர் என்ன வெச்சிருக்கார்?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "நீ பயப்படற ஆள் இல்லையே அத்தை. என்னவோ இருக்கு. சொல்லு."

"போன் அடிச்சது நான்தான்," என்றேன்.

"எந்த போன்?"

"அய்னாஷ். டோக்கன் எடுக்கறான்னு நான்தான் கீழ சொன்னேன்."

அவள் கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினாள். "எடுத்தாளா?"

"இல்ல. தாயத்து வெச்சிருந்தா. அதைத் தொட்டிருக்கா."

"உனக்கு அது எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே."

குழாயை மூடினாள். "அன்னைக்கு நான் எங்க தூங்கினேன், ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. என் வீட்டில், என் கட்டிலில். விடிய விடிய என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூங்கிய பிறகும் விடவில்லை. நான் விடுவிக்கவும் இல்லை.

"கயிறும் நீ முறுக்கல, இல்ல?"

"இல்ல."

இடுப்புத் துணியிலிருந்து கயிற்றை எடுத்து என் ஈரக் கையில் வைத்தாள். அவள் பல் பட்ட இடத்தில் வெள்ளை இழை பிரிந்து நின்றது. "கொண்டு போ. ரெண்டு பேரும் பாதி பாதியா பிரிச்சுக்கங்க," என்றாள். பிறகு கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, சிந்தாமல், நிதானமாக உள்ளே போனாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

திரும்பும்போது சாக்கேயே காரை ஓட்டினார். ஏரி தெரிய ஆரம்பித்தது. நானாகத்தான் சொன்னேன், ரௌஷானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று. அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"எதுக்குச் சொன்ன?"

"கேட்டா."

"கேட்டா சொல்லிடறதா? போலீஸ்ல என்னை மூணு தடவ கேட்டாங்க தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் மாசக்கணக்குல, விதவிதமா கேட்டாங்க. நான் சொன்னேனா?"

"நீங்க அடுத்தவங்களைச் சொல்லல. நான் என்னைச் சொன்னேன்."

"உன்னை நீயே காட்டிக் கொடுத்திருக்க. உள்ள அதுக்கு ஒரு பேருகூட கிடையாது, யாரும் செஞ்சதில்ல." ஸ்டியரிங்கில் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவளுக்கு அம்மா இல்ல. அப்பன் மிருகம். ஒரு அத்தையாவது சுத்தமா இருக்கட்டும்னு உன்னை அவளுக்கு விட்டு வெச்சேன். நான் அவளுக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்ட. எனக்கு டிராம்ல சொல்லிக் கொடுத்தாங்க. நீ எங்க கத்துக்கிட்ட?"

கத்தியைத் திருப்பச் சொன்னவர் அவர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது? அவர் வண்டியை எடுத்தார். மீன் கடைகள் வந்தன. வரிசையில் மூன்றாவதில் அய்னாஷ் இடது கையால் மீன்களைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி ஈ ஓட்டினாள். சாக்கே வேகத்தைக் குறைத்தார், நிறுத்துவார் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு லாரிக்கு வழி விடத்தான் குறைத்திருக்கிறார். இந்தத் தடவை நான் மறுபக்கம் திரும்பவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

ரௌஷான் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை நுர்தாஸ் மட்டும் ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்பினார், குழந்தை ஓடுகிறான், கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள் என்று. அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

நான் வேலையை விடவில்லை. சாக்கேயும் போகச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரைப் பற்றியும் எல்லாம் தெரிந்தவர்கள் இப்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்றாலும், பக்கத்தில் வைத்துக்கொள்ள எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. பதிவேட்டை இப்போது கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறேன். கையெழுத்துடன் திரும்பி வருகிறது. கயிறு என் மேசையில், எண் இல்லாத அந்தப் போனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவிழ்ந்ததுதானே, அறுபட்டதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் மறுபடி கட்டலாம்.

திங்கட்கிழமை காலை, திறப்பதற்கு முன்னால், துடைக்கிறவர்களும் போன பிறகு, நாலாம் எண் மேசைத் திரையில் ஓர் உச்சந்தலை தெரிந்தது. சாக்கே. யாரும் இல்லாத மேசைக்குப் பின்னால், சீட்டுப் போடுகிறவர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பச்சைத் துணியைத் தடவினார். பிறகு தலையை நிமிர்த்தி நேராக கேமராவைப் பார்த்தார். அவ்வளவு வருடங்களில் அந்தத் திரையில் நான் பார்த்த முதல் முகம் அது. இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டினார். உள்ளங்கைகளை மேலே விரித்துக் காட்டினார், முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம்.

என்னைக் கேலி செய்தாரா, இல்லை உண்மையாகவே காட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. கைகளில் அது எழுதியிருக்காது. நான் பேனாவை எடுத்து, விதிப்படி, பதிவேட்டில் குறித்தேன்.

பத்து நாற்பது. மேசை நான்கு. கைகள் வெறுமை.